புதுக் கணினியில் பழைய டிஸ்க், பழைய விண்டோஸ்: எதைக் கூட்டிச் செல்லலாம், எதை விட்டுவிடலாம்

மதர்போர்டு, ப்ராசஸர், ரேம் மூன்றும் புதிதாக வந்தாயிற்று. பழைய கேபினெட்டுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு எஸ்.எஸ்.டி., ஒன்றிரண்டு ஹார்ட் டிஸ்க். அவற்றில் பல ஆண்டுக் கோப்புகள், காசு கொடுத்து வாங்கிய மென்பொருள்கள், கை பழகிய விண்டோஸ். இந்த நிலையில் நான்கு வழிகள் உண்டு. பழைய டிஸ்க்கை அப்படியே கழற்றிப் புதுப் போர்டில் மாட்டி அதிலிருந்தே பூட் செய்யலாம், அதாவது அதில் உள்ள விண்டோஸையே எழுப்பலாம். பழையதைப் புது எஸ்.எஸ்.டி.க்குக் குளோன் (அச்சு அசலான முழுப் படி) எடுக்கலாம். புது எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸைப் புதிதாக நிறுவி, பழையதை இரண்டாம் டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாம். அல்லது பழையதைக் கேபினெட்டுக்குள் விடாமல், யு.எஸ்.பி. வழியாகத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு மூலையில் வைக்கலாம்.

இவற்றில் எது என்று பார்ப்பதற்கு முன் கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். டிஸ்க் என்ற பொருள் வேறு, அதில் எழுதப்பட்டிருக்கும் விண்டோஸ் வேறு. நல்ல நிலையில் உள்ள டிஸ்க்கில் தூக்கி எறிய வேண்டிய விண்டோஸ் இருக்கலாம். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் மறுபடி நிறுவவே முடியாத மென்பொருள் இருக்கலாம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே முடிவு எடுக்கும்போதுதான் வேலை கெடுகிறது.

எந்த டிஸ்க்குக்கு எந்த வேலை

விளம்பரத்தில் வரும் வேகம் தொடர்ச்சியாகப் படிக்கும் வேகம். ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 முதல் 200 எம்.பி., சாட்டா (பழைய வகை இணைப்பு) எஸ்.எஸ்.டி. 550 எம்.பி. வரை, பி.சி.ஐ.இ. 3.0 பாதையில் ஓடும் என்.வி.எம்.இ. (வேகமான புது வகை எஸ்.எஸ்.டி.) 3,500 எம்.பி. வரை, 4.0 என்றால் 7,000 எம்.பி. வரை. இதைப் பார்த்துவிட்டு ‘சாட்டா எஸ்.எஸ்.டி. இனி உதவாது’ என்று முடிவுகட்டுபவர்கள் அதிகம். விண்டோஸ் எழும்போதும் மென்பொருள் திறக்கும்போதும் நடப்பது வேறு: அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளைப் படிப்பது. 7,200 சுற்று ஹார்ட் டிஸ்க்கில் தலை நகர்வதற்கு எட்டு ஒன்பது மில்லிநொடி, தட்டு சுழன்று வந்து சேரச் சராசரியாக 4 மில்லிநொடி. ஆக நொடிக்கு 80 துண்டு படித்தால் அதிகம். சாட்டா எஸ்.எஸ்.டி. இதே வேலையை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தாலும் நொடிக்குப் பத்தாயிரம் அளவில் செய்கிறது. என்.வி.எம்.இ. அதைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு. 80-லிருந்து பத்தாயிரத்துக்குப் போவது உடனே தெரியும். பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரத்துக்குப் போவதைக் கடிகாரம் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

எனவே நல்ல நிலையில் உள்ள 500 ஜி.பி. சாட்டா எஸ்.எஸ்.டி. இன்னும் பூட் டிஸ்க்காகவே இருக்கலாம். கைக்காசு குறைவாக இருந்தால் என்.வி.எம்.இ.யைத் தள்ளிப்போட்டு, அந்தப் பணத்தை ரேமிலோ கிராஃபிக்ஸ் கார்டிலோ போடுவது தப்பில்லை. ஹார்ட் டிஸ்க்கைப் பூட் டிஸ்க்காக வைப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். எவ்வளவு நல்ல ப்ராசஸராக இருந்தாலும் விண்டோஸ் 11 அதில் தவழும். படம், வீடியோ, பேக்கப், நிறுவல் கோப்புகள் என்று குவிந்து கிடப்பவற்றுக்கு ஹார்ட் டிஸ்க் போதும்.

பழைய என்.வி.எம்.இ.யை அப்படியே கொண்டுபோகலாம். 3.0 டிஸ்க்கை 5.0 ஸ்லாட்டில் போட்டால் 3.0 வேகத்தில் ஓடும், வேறு சிக்கல் இல்லை. ஆனால் ப்ராசஸரோடு நேரடியாக இணைந்த மேல் ஸ்லாட்டைப் புது டிஸ்க்குக்கு விட்டுவிட்டு, பழையதைச் சிப்செட் (போர்டின் துணைச் சிப்) வழி ஸ்லாட்டில் போடுங்கள். எம்.2 வடிவத்தில் (போர்டிலேயே செருகும் மெல்லிய பலகை) இருப்பதெல்லாம் என்.வி.எம்.இ. இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். 2014-க்குப் பின் வந்த பல எம்.2 டிஸ்க்குகள் சாட்டா. புதுப் போர்டுகளில் பல ஸ்லாட்டுகள் என்.வி.எம்.இ.யை மட்டுமே ஏற்கும். விளிம்பில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒன்றென்றால் பெரும்பாலும் என்.வி.எம்.இ. உறுதியாகத் தெரிய, ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள மாடல் எண்ணைத் தேடிப் பார்ப்பதே வழி.

இன்னொரு கண்ணி இங்கே இருக்கிறது. எல்லாவற்றையும் மாட்டிய பிறகு ஒரு ஹார்ட் டிஸ்க் மட்டும் பயாஸிலேயே (விண்டோஸ் எழும் முன் வரும் போர்டின் அமைப்புத் திரை) தெரியாது. கேபிளை மாற்றிப் பார்த்து, டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவுசெய்து ஓரம் கட்டிவிடுவார்கள். காரணம், பல போர்டுகளில் ஒரு குறிப்பிட்ட எம்.2 ஸ்லாட்டில் டிஸ்க் இருந்தால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட் தானாகவே அணைந்துவிடும், இரண்டும் ஒரே பாதையைப் பகிர்வதால். எந்த ஸ்லாட் எந்தப் போர்ட்டை அணைக்கும் என்பது கையேட்டில் ஸ்டோரேஜ் பகுதியில் சின்ன எழுத்தில் இருக்கும். வாங்கும் முன்பே அதைப் பார்த்துவிடுவது நல்லது. இப்போதைய போர்டுகளில் நான்கு சாட்டா போர்ட்தான் சாதாரணம், சிலவற்றில் இரண்டு. கேபினெட்டுகளிலும் மூன்றரை அங்குல இடம் ஒன்றோ இரண்டோதான், சிலவற்றில் இல்லவே இல்லை.

நாற்பது ஊசி, அகலப் பட்டை கேபிள் கொண்ட ஐ.டி.இ. டிஸ்க்குக்குப் புதுப் போர்டில் இடமே கிடையாது. யு.எஸ்.பி. அடாப்டர் ஒன்று வாங்கி, உள்ளதைப் படியெடுத்துவிட்டு ஓய்வு கொடுங்கள்.

மாட்டும் முன் உடல்நிலை

பழைய கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போதும், டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தானே எழுதி வைக்கும் ‘ஸ்மார்ட்’ கணக்கை அது காட்டும். லினக்ஸில் ஸ்மார்ட்கண்ட்ரோல். மேலே நீல நிறத்தில் ‘குட்’ என்று வந்ததும் மூடிவிடாதீர்கள். கீழே உள்ள பட்டியலில் மூன்று வரிகள் முக்கியம். 05 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் ஒதுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சின்னச் சேமிப்புத் துண்டுகள்). சி5 என்பது படிக்க முடியாமல், இன்னும் முடிவெடுக்கப்படாமல் நிற்பவை. சி6 என்பது திருத்தவே முடியாதவை. இந்த மூன்றின் ரா மதிப்பும் (நேரடி எண்ணிக்கை) பூஜ்யமாக இருக்க வேண்டும். 05-இல் நாலைந்து இருந்து மாதக்கணக்கில் அப்படியே நின்றால், இன்னொரு படி வேறெங்காவது இருக்கும் பொருள்களுக்கு மட்டும் அந்த டிஸ்க்கை வைத்துக்கொள்ளலாம். சி5-இல் ஒன்று வந்தாலும் முதல் வேலை பேக்கப், மற்றதெல்லாம் பிறகு.

இந்த மென்பொருள் ரா மதிப்பைப் பதினாறடி எண்ணில் காட்டும். கடைசியில் 10 என்று தெரிந்தால் அது பதினாறு. மெனுவில் பத்தடி எண்ணுக்கு மாற்றிக்கொண்டால் குழப்பம் தீரும். சீகேட் டிஸ்க்குகளில் 01, 07 ஆகிய வரிகளில் மாபெரும் எண் ஒன்று நிற்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். பிழையின் எண்ணிக்கையோடு மொத்தச் செயல்களின் எண்ணிக்கையும் அதே எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது. சி7 வரி ஏறினால் குற்றவாளி டிஸ்க் இல்லை, கேபிள். அந்த எண் ஒருபோதும் குறையாது. கேபிளை மாற்றிய பிறகு மேலும் ஏறாமல் நின்றால் சரி. 09 வரியில் ஓடிய மணிநேரம் இருக்கும். ஓராண்டுக்கு 8,760 மணி. 40,000 என்றால் நாலரை ஆண்டு நிற்காமல் ஓடியிருக்கிறது. அப்படிப்பட்டதை ஒரே பேக்கப்பாக நம்பக் கூடாது.

ஸ்மார்ட் கணக்கு சுத்தமாக இருந்தாலும் ஆண்டுக்கணக்கில் தொடப்படாத மூலைகளில் கெட்ட செக்டர் ஒளிந்திருக்கும். யாரும் படிக்காததால் டிஸ்க்குக்கே அது தெரியாது. முதல் செக்டரிலிருந்து கடைசி வரை ஒருமுறை முழுவதுமாகப் படிக்கவைத்தால்தான் வெளியே வரும். 1 டி.பி. டிஸ்க்குக்குச் சராசரி 130 எம்.பி. வேகத்தில் இரண்டு மணிநேரத்துக்குச் சற்று மேல். குளோன் எடுக்கும் எண்ணம் இருந்தால் இந்தச் சோதனையைத் தாண்டவே கூடாது. பாதிக் குளோனில் படிப்புப் பிழை வந்து நிற்பது இதனால்தான்.

எஸ்.எஸ்.டி.யில் பார்க்க வேண்டியது மொத்தம் எழுதிய அளவு. 500 ஜி.பி. டி.எல்.சி. (செல்லுக்கு மூன்று பிட்) டிஸ்க்குக்கு 300 டி.பி. என்ற அளவில் உத்தரவாதம் தருவது வழக்கம். நாளுக்கு 20 ஜி.பி. எழுதினாலும் ஆண்டுக்கு 7 டி.பி.தான் ஆகிறது. வீட்டில், அலுவலகத்தில் ஓடிய எஸ்.எஸ்.டி. தேய்ந்துபோய்ச் சாவது அபூர்வம். திடீரென்று கண்ட்ரோலர் போய்ச் சாவதுதான் அதிகம், அது முன்னறிவிப்பு கொடுக்காது. டிஸ்க்கை மூலையில் வைக்கும் எண்ணம் இருந்தால் இன்னொரு விஷயம்: ஹார்ட் டிஸ்க் அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் தரவு இருக்கும். தேய்ந்த எஸ்.எஸ்.டி. மின்சாரம் இல்லாமல் கிடந்தால் தரவு மெல்லக் கரையும். காப்பகத்துக்கு ஹார்ட் டிஸ்க்தான்.

பழைய பவர் கேபிளைத் தொடாதீர்கள்

பழைய டிஸ்க்கைக் கொண்டுபோகும்போது நடக்கும் விபத்துகளில் மிக மோசமானது இது. பவர் சப்ளையும் புதிது, கேபிள்களைத் தனியே கழற்றக்கூடிய மாடுலர் வகை. பழைய கேபினெட்டில் ஹார்ட் டிஸ்க்கோடு இணைந்தபடியே ஒரு சாட்டா பவர் கேபிள் தொங்குகிறது. மறுமுனை புது பவர் சப்ளையின் ஓட்டையில் அச்சாகப் பொருந்துகிறது. சுவிட்சைப் போட்டதும் அந்தக் கேபிளில் இருந்த எல்லா டிஸ்க்கும் ஒரே நொடியில் போய்விடும்.

டிஸ்க் பக்கமுள்ள 15 ஊசி முனைக்குத்தான் பொதுத் தரம் உண்டு. பவர் சப்ளை பக்கமுள்ள முனைக்கு எந்தத் தரமும் கிடையாது. எந்த ஊசியில் 5 வோல்ட், எதில் 12 வோல்ட் என்பது தயாரிப்பாளரின் விருப்பம். ஒரே தயாரிப்பாளரின் இரண்டு மாடல்களுக்கிடையில்கூட மாறும். 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் ஏறினால் ஹார்ட் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டில் பாதுகாப்பு டயோடு தன்னைப் பலி கொடுத்துத் தட்டுகளைக் காப்பாற்றலாம், பழுது பார்ப்பவர் மீட்டெடுக்கலாம். எஸ்.எஸ்.டி. அநேகமாகப் போனதுதான். எனவே பழைய டிஸ்க்கிலிருந்து பவர் கேபிளைக் கழற்றி, பழைய பவர் சப்ளையோடேயே சேர்த்துக் கட்டி வைத்துவிடுங்கள். சாட்டா டேட்டா கேபிள் அப்படி இல்லை. அது எங்கும் பொருந்தும், கிளிப் தளர்ந்திருந்தால் மட்டும் மாற்றினால் போதும்.

சாட்டா முனை போதவில்லை என்று நாலு ஊசி மோலெக்ஸிலிருந்து அடாப்டர் போடுவதானால், முனையில் கம்பிகள் பிளாஸ்டிக்கோடு சேர்த்து வார்க்கப்பட்ட வகையை வாங்காதீர்கள். உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுக் கருகும். கம்பி ஒவ்வொன்றும் தனித்தனியே கவ்வப்பட்டிருப்பது தெரியும் வகையே மேல். திருகாணியும் கலந்துவிடும்: மூன்றரை அங்குல ஹார்ட் டிஸ்க்குக்குக் கரடுமுரடான பெரிய மரை, இரண்டரை அங்குலத்துக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் நுண்ணிய எம்3. ஒன்றை மற்றதில் முறுக்கினால் மரை வழிந்துவிடும்.

பழைய விண்டோஸ்: மாட்டி ஓட்டுவதா, குளோனா, புதிதா

விண்டோஸ் 10, 11 இரண்டும் போர்டு மாற்றத்தை ஓரளவு நன்றாகவே தாங்கும். முதல் பூட்டில் ‘சாதனங்கள் தயாராகின்றன’ என்று சில நிமிடம் நின்று, டிரைவர்களைத் தேடிக்கொண்டு எழும். விண்டோஸ் 7-இலிருந்து அப்படி எதிர்பார்க்க முடியாது. அதோடு 7-க்கு 2020 ஜனவரி 14-உடன் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 10-இன் வழக்கமான பதிப்புகளுக்கு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது, நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்த வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை. புது வன்பொருளில் பழைய 10-ஐக் கொண்டுபோய் மாட்டுவது, எப்படியும் சீக்கிரம் செய்ய வேண்டிய வேலையைத் தள்ளிப்போடுவதுதான்.

மாட்டி ஓட்டுவதற்கும் குளோனுக்கும் தடைகள் ஒன்றேதான், ஏனென்றால் இரண்டிலும் நகர்வது அதே விண்டோஸ். முதல் தடை, பழைய டிஸ்க் எம்.பி.ஆர். என்ற பழைய முறையில் (புதியது ஜி.பி.டி.) பிரிக்கப்பட்டிருப்பது. அது பழைய பயாஸ் முறையில்தான் பூட் ஆகும். இன்டெல் 500 வரிசைச் சிப்செட்டிலிருந்து உள்ளமை கிராஃபிக்ஸை வைத்து அந்த முறையில் எழுப்ப முடியாது. விண்டோஸ் 11-உம் பழைய பயாஸுக்கு மாற்றாக வந்த யு.இ.எஃப்.ஐ. முறையைக் கேட்கிறது. தீர்வு, விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து கூடவே வரும் ‘எம்.பி.ஆர்.2ஜி.பி.டி’ கட்டளை. கோப்புகளை அழிக்காமல் மாற்றிவிடும். முதலில் வேலிடேட் என்ற விருப்பத்தோடு ஓட்டிப் பாருங்கள், தடை இருந்தால் அங்கேயே சொல்லும். பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருந்தாலோ, எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் இருந்தாலோ மறுத்துவிடும். மாற்றியதும் பழைய போர்டிலேயே பயாஸில் யு.இ.எஃப்.ஐ.க்குத் திருப்பி ஒருமுறை பூட் செய்து பார்த்துவிட்டால், பிறகு வரும் சிக்கல் எதனால் என்று பிரித்தறியலாம்.

இரண்டாவது தடை நீலத்திரை: ‘இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்’. பழைய போர்டில் சாட்டா ஐ.டி.இ. முறையிலோ ரெய்ட் (பல டிஸ்க்கை ஒன்றாகக் கோக்கும்) முறையிலோ வைக்கப்பட்டிருந்து, புதியதில் வழக்கமான ஏ.எச்.சி.ஐ. முறையாக இருந்தால் வரும். தனக்கு வேண்டிய டிரைவரைப் பூட்டின் தொடக்கத்தில் விண்டோஸ் ஏற்றுவதில்லை. பழைய கணினியிலேயே எம்.எஸ்.கான்ஃபிக் வழியாகச் சேஃப் மோடைத் தேர்ந்தெடுத்து, அணைத்து, பயாஸில் ஏ.எச்.சி.ஐ.க்கு மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை எழுப்பினால் டிரைவர் சேர்ந்துகொள்ளும். இன்டெல்லின் புதுப் போர்டுகள் சிலவற்றில் வி.எம்.டி. என்ற டிஸ்க் மேலாண்மை அமைப்பு இயங்கும் நிலையிலேயே வரும். அதுவும் இதே நீலத்திரையைத் தரும். புதிதாக நிறுவும்போது ‘டிஸ்க் எதுவும் இல்லை’ என்று நிறுவி சொல்வதற்கும் அதுவே காரணம். ரெய்ட் தேவையில்லை என்றால் பயாஸில் அணைத்துவிடுங்கள்.

மூன்றாவது தடை பிட்லாக்கர், விண்டோஸின் டிஸ்க் குறியாக்கம். அதன் சாவி பழைய போர்டின் டி.பி.எம்.மில் (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி) இருக்கிறது. புதுப் போர்டு 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அதுவும் இல்லை, பழைய போர்டும் இல்லை என்றால் தரவு போனதுதான், யாராலும் திறக்க முடியாது. விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நிறுவியிருந்தால் நீங்கள் கேட்காமலே குறியாக்கம் நடந்திருக்கலாம். அதனால் ‘நான் பிட்லாக்கர் போடவில்லை’ என்ற நம்பிக்கை செல்லாது. செட்டிங்ஸில் பார்த்து, முழுவதுமாக அணைத்து, குறியாக்கம் நீங்கி முடியும்வரை காத்திருந்து, பிறகு கழற்றுங்கள். விண்டோஸில் நுழையத் தட்டும் நான்கு இலக்கப் பின் எண்ணும் டி.பி.எம்.மோடு கட்டுண்டதே, புதுப் போர்டில் வேலை செய்யாது. வருடக்கணக்கில் பின் மட்டுமே தட்டியவர்களுக்குக் கணக்கின் உண்மையான கடவுச்சொல் நினைவிருக்காது. அதை முதல் நாளே சோதித்துவிட வேண்டும். நெட்வொர்க் டிரைவரை ஒரு பென் டிரைவில் வைத்துக்கொள்வதும் அப்படித்தான். புது லேன் சிப்பை விண்டோஸுக்குத் தெரியாவிட்டால் இணையமே வராது.

இவ்வளவும் தாண்டிவிட்டால், மாட்டி ஓட்டுவதைவிடக் குளோன் மேல். பழைய டிஸ்க் தொடாமல் அப்படியே நிற்கும், சொதப்பினால் திரும்பப் போகலாம். குளோன்சில்லா, ரெஸ்க்யூசில்லா இரண்டும் இலவசம். பெரிய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சின்ன எஸ்.எஸ்.டி.க்குப் போவதானால் முதலில் பார்ட்டிஷனைச் சுருக்க வேண்டும். விண்டோஸ் பாதியில் ‘இதற்கு மேல் முடியாது’ என்றால் பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன், ரெஸ்டோர் பாயிண்ட் மூன்றையும் தற்காலிகமாக அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். சின்னதிலிருந்து பெரியதுக்குப் போனால் வேறு தொல்லை: சி பார்ட்டிஷனை விரிக்க முடியாமல் ரெக்கவரி பார்ட்டிஷன் நடுவில் உட்கார்ந்திருக்கும், அதை நகர்த்தத் தனி மென்பொருள் வேண்டும். எக்ஸ்.பி. காலத்தில் பிரிக்கப்பட்ட டிஸ்க்கில் பார்ட்டிஷன் 63-ஆவது செக்டரில் தொடங்கும். அப்படியே குளோன் எடுத்தால் எஸ்.எஸ்.டி.யில் எழுதும் ஒவ்வொரு முறையும் அது தேவையின்றி இரண்டு பக்கங்களைத் தொடும். குளோன் முடிந்ததும் முதல் பூட்டின்போது பழைய டிஸ்க் கட்டாயம் கழற்றப்பட்டிருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே அடையாள எண். சேர்ந்திருந்தால் எதிலிருந்து எழுந்தது என்றே தெரியாமல், பழையதை அழித்ததும் புதியது எழாமல் போகும்.

குளோன் யாருக்கு? நிறுவல் கோப்பு கைவிட்டுப்போன, ஆக்டிவேஷன் சர்வர் மூடப்பட்ட, அமைப்புகளை மறுபடி செய்ய வாரக்கணக்கில் ஆகும் மென்பொருள் வைத்திருப்பவருக்கு. மற்றவர்களுக்குப் புதிய நிறுவல்தான் என் பரிந்துரை. என்.வி.எம்.இ.யில் விண்டோஸ் ஏறக் கால்மணிநேரம் போதும். மீதி ஒரு மாலை மென்பொருள்களுக்குப் போகும். குளோன் எடுத்தவர் அந்த மாலையை மிச்சம் பிடிக்கிறார், ஆனால் பழைய போர்டின் மின்விசிறிக் கட்டுப்பாட்டு மென்பொருள், பழைய கிராஃபிக்ஸ் டிரைவரின் மிச்சம், நாலு வருடக் குப்பை எல்லாம் கூடவே வருகின்றன. பிறகு கணினி திடீரென்று உறையும்போது, புது ரேமா பழைய டிரைவரா என்று பிரித்தறிய முடியாமல் போவதுதான் உண்மையான இழப்பு.

புதிதாக நிறுவும்போது

ஒரே விதி: விண்டோஸ் நிறுவும் நேரத்தில் புது டிஸ்க்கைத் தவிர வேறெதுவும் இணைந்திருக்கக் கூடாது. பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே இ.எஃப்.ஐ. பார்ட்டிஷன் (பூட் கோப்புகளுக்கான சின்னப் பகுதி) இருந்தால், நிறுவி தன் பூட் கோப்புகளைப் பேசாமல் அதிலேயே எழுதிவிடும். எல்லாம் நன்றாகவே ஓடும். ஆறு மாதம் கழித்து பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றும் அன்று கணினி எழாது. சாட்டா டேட்டா கேபிளைப் பிடுங்கிவிட்டு நிறுவினால் இந்தத் தலைவலியே இல்லை.

பழையதைக் கழற்றும் முன் அந்த விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்து, முழுவதுமாக ஷட்டவுன் செய்யுங்கள். அது இயங்கும்போது அணைத்த டிஸ்க் உண்மையில் உறக்கத்தில்தான் இருக்கும். லினக்ஸ் அதைப் படிக்க மட்டுமே அனுமதிக்கும்.

இரண்டாம் டிஸ்க்காக மாட்டியதும் பழைய யூசர் ஃபோல்டரைத் திறந்தால் ‘அனுமதி இல்லை’ என்று வரும். ‘தொடர்’ என்று அழுத்தினால் உரிமையை மாற்றிக்கொண்டு திறக்கும், கோப்பு அதிகமென்றால் நேரம் எடுக்கும். அப்படியே இழுத்துப் போட்டு நகலெடுக்காமல் விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி கட்டளையைப் பயன்படுத்துங்கள். அதில் எக்ஸ்.ஜே. என்ற விருப்பம் அவசியம். பழைய யூசர் ஃபோல்டருக்குள் தன்னையே சுட்டும் இணைப்புகள் உண்டு. அந்த விருப்பம் இல்லாவிட்டால் ஒரே ஃபோல்டரை ஒன்றுக்குள் ஒன்றாக நகலெடுத்துக்கொண்டே போகும். ஆர், டபிள்யூ இரண்டுக்கும் 1 என்று கொடுங்கள். கொடுக்காவிட்டால் படிக்க முடியாத ஒரு கோப்புக்கு 30 நொடி இடைவெளியில் பத்து லட்சம் முறை முயலும். டிஸ்க்கில் ஏற்கெனவே சி5 இருந்தால் ரோபோகாப்பியும் வேண்டாம், லினக்ஸின் டி.டி.ரெஸ்க்யூதான். நல்ல இடங்களை முதலில் எடுத்துவிட்டுக் கெட்ட இடத்துக்குக் கடைசியில் வரும்.

ஒன்ட்ரைவ் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: மேகச் சின்னம் போட்ட கோப்புகள் வெறும் பெயர்ப்பலகை. உள்ளடக்கம் டிஸ்க்கில் இல்லை. பழைய டிஸ்க்கிலிருந்து அவற்றை நகலெடுக்க முடியாது.

லைசென்ஸ்

பழைய விண்டோஸின் உரிமை புதுப் போர்டுக்கு வருமா என்பது வாங்கிய விதத்தைப் பொறுத்தது. கமாண்ட் ப்ராம்ப்டில் எஸ்.எல்.எம்.ஜி.ஆர். கட்டளையை டி.எல்.ஐ. விருப்பத்தோடு கொடுத்தால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் ‘ரீடெய்ல்’ (தனியாக வாங்கியது) என்றிருந்தால் நகர்த்தலாம். ‘ஓ.இ.எம்.’ (கணினியோடு சேர்ந்து வந்தது) என்றால் அது பழைய போர்டோடு முடிந்தது. பிராண்டட் கணினிகளில் அதன் கீ (உரிமை எண்) மதர்போர்டின் சிப்பிலேயே பதிந்திருக்கும். ரீடெய்ல் என்றால், பழையதைப் பிரிக்கும் முன் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு லைசென்ஸை இணைத்துவிடுங்கள். புதியதில் ஆக்டிவேஷன் பகுதியில் ‘சமீபத்தில் வன்பொருளை மாற்றினேன்’ என்பதை அழுத்தி, பட்டியலில் பழைய கணினியின் பெயரைத் தேர்ந்தெடுக்கலாம்.

கீ காட்டும் மென்பொருள்களை நம்பி ஏமாறாதீர்கள். டிஜிட்டல் லைசென்ஸில் ஓடும் விண்டோஸ் எல்லாவற்றிலும் பதிப்புக்கு ஒரு பொதுக் கீதான் இருக்கும். ப்ரோவில் 3வி66டி என்று முடிந்தால் அது உங்களுடையது இல்லை, உலகத்துக்கே பொதுவானது. அதை எழுதி வைத்துப் பயனில்லை. 7, 8 கீயைக் கொண்டு 10, 11-ஐ இலவசமாக உயிர்ப்பிக்கும் வழியை 2023 செப்டம்பரில் மூடிவிட்டார்கள்.

ஆஃபிஸ் 2013 முதல் கணினியில் கீயின் கடைசி ஐந்து எழுத்து மட்டுமே பதியும். முழுக் கீ அட்டையிலோ கணக்கிலோ இருக்க வேண்டும். 2016, 2019 இரண்டுக்கும் ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. ஓடும், ஆனால் பாதுகாப்புத் திருத்தம் வராது. இத்தனை கணினி என்று எண்ணிக்கை வைத்திருக்கும் மென்பொருள்களைப் பழைய விண்டோஸிலிருந்தே டீஆக்டிவேட் செய்ய வேண்டும். டிஸ்க்கை ஃபார்மட் செய்த பிறகு அந்த இடத்தைத் திரும்பப் பெற வாடிக்கையாளர் சேவையோடு மல்லுக்கட்ட நேரும். லேன் கார்டின் மேக் எண்ணோடு (அதன் தனி அடையாள எண்) கட்டப்பட்ட லைசென்ஸ் புதுப் போர்டில் தானாகச் செல்லாமல் போகும், குளோன் எடுத்திருந்தாலும்.

மென்பொருளில் எது நகரும்

புரோகிராம் ஃபைல்ஸை அப்படியே நகலெடுத்தால் போதும் என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் உள்ள பதிவுகள் வராததால் பெரும்பாலானவை திறக்காது. போர்ட்டபிள் வகைகள் திறக்கும். ஸ்டீம் விளையாட்டுகள் நல்ல விதிவிலக்கு. பழைய டிஸ்க்கில் உள்ள லைப்ரரி ஃபோல்டரைச் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதியில் சேர்த்தால், நூற்றுக்கணக்கான ஜி.பி.யை மறுபடி இறக்க வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்ட் இரண்டிலும் ப்ரொஃபைல் ஃபோல்டரை நகர்த்தினால் கடவுச்சொல் உட்பட எல்லாம் வந்துவிடும். குரோமில் புக்மார்க் வரும், கடவுச்சொல் வராது. அது பழைய விண்டோஸ் கணக்கோடு குறியாக்கப்பட்டது. பழையதில் இருக்கும்போதே சிங்க் செய்தோ ஏற்றுமதி செய்தோ எடுத்துவிடுங்கள். அவுட்லுக்கில் பி.எஸ்.டி. கோப்பு நகரும், சர்வரில் உள்ளதன் நகலான ஓ.எஸ்.டி. நகராது.

எழுத்துருக்களை மறப்பவர்கள் ஏராளம். பாமினி, டேப், டாம் என்று பழைய குறியாக்கத்தில் தட்டச்சு செய்த கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் திறக்கும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபாண்ட்ஸை மட்டும் எடுத்தால் போதாது. விண்டோஸ் 10-இன் 1809-க்குப் பின் பயனர் தானாக நிறுவியவை யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபாண்ட்ஸ் என்ற பாதையில் கிடக்கும்.

மிகப் பழைய மென்பொருளுக்கு வேறு கணக்கு. விண்டோஸ் 11 64 பிட் மட்டுமே, 16 பிட் நிரல்கள் அதில் ஓடாது, அவற்றின் நிறுவிகளும் ஓடாது. விஷுவல் பேசிக் 6-இல் எழுதியவை பெரும்பாலும் ஓடும். டாட்நெட் 3.5 கேட்பவற்றுக்கு அதைத் தனியாக இயக்க வேண்டும். 2000-களின் சி.டி. விளையாட்டுகளில் சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்புப் பூட்டு இருந்தால் விண்டோஸ் 10 முதலே திறக்காது. டாங்கிள் (மென்பொருள் உரிமைக்காகச் செருகும் வன்பொருள் சாவி), பழைய ஸ்கேனர் போன்றவற்றின் டிரைவர்களை மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு தடுக்கும். அவற்றுக்காக அதை அணைத்துப் புதுக் கணினி முழுவதையும் பலவீனமாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்த மாதிரி ஒன்றிரண்டு மென்பொருளுக்காக மட்டும் பழைய விண்டோஸ் வேண்டுமென்றால் ஐந்தாவது வழி ஒன்று இருக்கிறது. பழைய கணினியில் டிஸ்க்2வி.எச்.டி. என்ற மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவியை ஓட்டினால், ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸை ஒரே கோப்பாக எடுத்துத் தரும். புதுக் கணினியில் அதை ஹைப்பர்-வி.யிலோ (ப்ரோ பதிப்பு வேண்டும்) விர்ச்சுவல்பாக்ஸிலோ ஒரு ஜன்னலுக்குள் ஓட்டலாம். இணையத்தைத் துண்டித்து வைத்தால் பழைய விண்டோஸின் பாதுகாப்பு ஓட்டைகளும் கவலை இல்லை. ஓ.இ.எம். உரிமை சட்டப்படி இதற்குச் செல்லாது, ஆக்டிவேஷனும் போய்விடும். ஓட்டாவிட்டாலும் அந்தக் கோப்பை இரட்டைக் கிளிக் செய்தால் ஒரு டிஸ்க்காகத் திறக்கும். மறந்துபோன ஏதாவதொரு செட்டிங்ஸ் கோப்பைத் தேட அது போதும்.

லினக்ஸ்காரர்களுக்கு இத்தனை பாடு இல்லை. டிஸ்க்கை மாட்டினால் பெரும்பாலும் எழுந்துவிடும். எழாவிட்டால் காரணம் பூட் பதிவு பழைய போர்டின் நினைவகத்தில் தங்கிவிட்டதுதான். லைவ் யு.எஸ்.பி.யில் எழுந்து கிரப்பை (லினக்ஸை எழுப்பும் நிரல்) மறுபடி நிறுவினால் தீரும். நெட்வொர்க் கார்டின் பெயர் மாறுவதால் கையால் எழுதிய அமைப்புகளைத் திருத்த வேண்டியிருக்கும்.

போர்டின் ரெய்டில் இரண்டு மூன்று டிஸ்க்குகளைக் கோத்து வைத்திருந்தால் அவற்றைக் கழற்றும் முன் தரவை வேறிடத்துக்கு நகர்த்திவிடுங்கள். இன்டெல் போர்டின் கோவையை ஏ.எம்.டி. போர்டு அடையாளம் காணாது, ‘இனிஷியலைஸ் செய்யவா?’ என்று கேட்கும். அந்த இடத்தில் சரி என்று அழுத்திவிடக் கூடாது. ஸ்டோரேஜ் ஸ்பேசஸ், லினக்ஸின் எம்டி இரண்டும் போர்டைச் சாராதவை, தைரியமாக நகர்த்தலாம்.

மிஞ்சும் டிஸ்க்

புதியது எழுந்ததும் பழைய சி பார்ட்டிஷனை அழிக்கும் அவசரம் வேண்டாம். ஒரு வரிக்கணக்குக் காலமோ பள்ளி ஆண்டோ முடியும்வரை, அல்லது நீங்கள் எப்போதாவது மட்டும் திறக்கும் எல்லா மென்பொருளையும் ஒருமுறை திறந்து பார்க்கும்வரை அப்படியே இருக்கட்டும். யு.எஸ்.பி. உறையில் வைப்பதானால் இரண்டரை அங்குலத்துக்கு யு.எஸ்.பி. மின்சாரமே போதும், மூன்றரைக்குத் தனியாக 12 வோல்ட் அடாப்டர் வேண்டும். பழைய உறைகள் சில 2 டி.பி.க்கு மேல் செக்டர் அளவை மாற்றிக் காட்டும். உறைக்குள் ஃபார்மட் செய்ததை நேரடியாகச் சாட்டாவில் மாட்டினால் காலி டிஸ்க்காகத் தெரியும், மறுபடி உறைக்குள் போட்டால் கோப்புகள் வந்துவிடும். அதேபோல், வாங்கிய வெளிப்புற டிஸ்க்கைப் பிளந்து உள்ளே இருப்பதை எடுக்கும்போது, உறையின் சர்க்யூட்டே குறியாக்கம் செய்யும் வகையாக இருந்தால் எதுவும் படிக்க வராது. தரவை எடுத்துவிட்டுப் பிறகு பிளக்கவும்.

கடைசியில் அழிக்கும்போது ஹார்ட் டிஸ்க்குக்குக் குயிக் ஃபார்மட் போதாது, முழு ஃபார்மட் கொடுத்தால் ஒவ்வொரு செக்டரிலும் பூஜ்யம் எழுதும். எஸ்.எஸ்.டி.க்கு அப்படி எழுதிப் பயனில்லை, மறைந்திருக்கும் உபரிப் பகுதிகளை அது தொடாது. பல போர்டுகளின் பயாஸிலேயே செக்யூர் இரேஸ் இருக்கிறது. அதை அழுத்தும் முன் பட்டியலில் தெரியும் மாடல் எண்ணை டிஸ்க்கின் லேபிளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முடிந்தால் மற்ற டிஸ்க்குகளைக் கழற்றிவிட்டே செய்யுங்கள்.